கத்தரி யார் கையில்

1

சொல்லின் வேரைத் தேடிப் போவது பெரும்பாலும் பண்டித விளையாட்டாக முடிந்துவிடுகிறது. மூலச்சொல் கிடைத்ததும் அர்த்தமே கிடைத்துவிட்டதான ஒரு திருப்தி. அதோடு தேடல் நின்றுவிடுகிறது. ஒரு சொல் எந்த மொழியில் பிறந்தது என்பதைவிட, யார் யார் கையில் புழங்கியது, அவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பது கனமான கேள்வி. 'கூப்பன்' என்ற அற்பமான சொல்லிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். காண்டீன் சீட்டு, ரேஷன் துண்டு, பண்டிகைக் காலக் குலுக்கல் பரிசு என்ற அளவில் நமக்குப் பழக்கமானது. கவிதைக்கு ஆகாத சொல் என்று ஒதுக்கிவிடத் தோன்றும்.

ஆரம்பம் ஒரு அறை. கிரேக்கத்தில் 'கோலஃபோஸ்' என்றால் கன்னத்தில் விழும் அடி, குத்து. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில், விசாரணைக்கு இழுத்துவரப்பட்ட இயேசுவைச் சுற்றி நின்றவர்கள் குத்துகிற இடத்தில் வரும் வினை இதிலிருந்து பிறந்ததுதான். லத்தீன் இதைக் 'கோலஃபுஸ்' என்று வாங்கிக்கொண்டது. ப்ளாட்டஸின் ஹாஸ்ய நாடகங்களில் இந்த அறை விழுகிற சத்தம் கேட்கிறது. பேச்சு லத்தீனில் நடுவெழுத்துகள் தேய்ந்து 'கொல்புஸ்' ஆகி, ஃப்ரெஞ்சுக்கு வரும்போது 'கூ' என்ற ஓரெழுத்து ஓசையாகச் சுருங்கிவிட்டது. சுருங்கியது ஓசை மட்டும்தான். அடி, வெட்டு, வீச்சு, திடீர்ச்செயல் என்று அர்த்தம் நாலாபுறமும் விரிந்தது. ராணுவம் ஓர் இரவில் அரசைப் பிடுங்கிக்கொண்டால் அது ஒரு 'கூ'. மல்லார்மே 1897இல் வெளியிட்ட பகடைக் கவிதையின் தலைப்பில் பகடை வீச்சைக் குறிப்பதும் அதே 'கூ'.

இந்தப் பெயரிலிருந்து ஒரு வினை பிறந்தது: 'கூப்பே', வெட்டு. வெட்டினால் கிடைக்கும் துண்டு 'கூப்போன்'. முதலில் துணித்துண்டு. பெரிய சுருளிலிருந்து விற்றது போக மிஞ்சியது. நம் ஜவுளிக்கடைக்காரர்கள் 'கட்பீஸ்' என்கிறார்களே, அதேதான். ஃப்ரெஞ்சில் அந்தப் பழைய அர்த்தம் இன்னும் சாகவில்லை. பாரிஸில் மொன்மார்த்ர் குன்றின் அடிவாரத் துணிக்கடைகளில் இன்றும் இந்தப் பெயரில்தான் துண்டுத்துணி விற்கிறார்கள்.

அறை வெட்டாகி, வெட்டு துண்டாகியது. இதுவரை வந்தது அகராதியே சொல்லிவிடும். துண்டு காகிதமான பிறகு அதற்கு நேர்ந்தது வேறு.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கடன்பத்திரம் ஒரு பெரிய தாள். மேல்பாதியில் கடன் வாங்கிய அரசின் அல்லது ரயில்வே கம்பெனியின் பெயர், தொகை, வட்டிவிகிதம், ஓரங்களில் சித்திர வேலைப்பாடு. கீழ்ப்பாதியில் கட்டம் கட்டமாகச் சிறு துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, ஒரு தொகை, பத்திரத்தின் எண். பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒரு துண்டு. தேதி வந்ததும் அந்தத் துண்டைக் கத்தரித்து வங்கியில் நீட்டினால் வட்டி கிடைக்கும். இந்தத் துண்டுக்குத்தான் துணிக்கடையின் பெயரை வைத்தார்கள். 1820களில் ஆங்கிலம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதும் இந்த அர்த்தத்தில்தான்.

பத்திரத்தில் உடையவர் பெயர் கிடையாது. கொண்டுவந்தவரே உடையவர். பணத்தை எப்படிச் சம்பாதித்தார், யார் உழைப்பிலிருந்து வட்டி வருகிறது, எதையும் யாரும் கேட்பதில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை கத்தரியை எடுப்பது மட்டுமே உழைப்பு. இப்படி ஒரு வர்க்கம் உருவாகி, ஐரோப்பிய நாவல்களின் வரவேற்பறைகளில் உட்கார்ந்துகொண்டது. லெனின் 1916இல் ஜூரிச்சில் இருந்து ஏகாதிபத்தியம் பற்றி எழுதிய நூலில், கூப்பன் வெட்டியே வாழும் இந்தக் கூட்டத்துக்குத் தனி இடம் கொடுத்தார். முழு தேசங்களே கூப்பன் வெட்டும் தேசங்களாக மாறிவிட்டன என்பது அவருடைய வாதம். கூப்பன் வெட்டுவதைச் சொல்ல ரஷ்ய மொழியில் வழங்கும் வினை, ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பதற்கும் உரியது. ஆடு யார் என்று அந்த மொழியே கேட்டுவிடுகிறது.

அடுத்த இரண்டு வருஷத்துக்குள் சரித்திரம் தன் பங்குக்கு ஒரு உரை எழுதியது. 1888இலிருந்து ஜார் அரசு ஃப்ரெஞ்சுச் சந்தையில் கடன் திரட்டிவந்தது. பெரிய வங்கியாளர்கள் மட்டுமின்றி ஆசிரியர்கள், சில்லறைக் கடைக்காரர்கள், விதவைகள் என்று லட்சக்கணக்கான சின்னச் சேமிப்புக்காரர்கள் ரஷ்யப் பத்திரங்களை வாங்கியிருந்தார்கள். 1918 பிப்ரவரியில் போல்ஷெவிக் அரசு அந்தக் கடன்களை ரத்து செய்தது. வீடுகளின் இழுப்பறைகளில், வெட்டப்படாத கூப்பன்களோடு தாள்கள் அப்படியே தங்கிவிட்டன. எண்பது வருஷம் வழக்கும் மனுவுமாக இழுத்து, 1996-97 உடன்படிக்கைகளின்படி ரஷ்யா 40 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பத்திரங்களின் மதிப்போடு ஒப்பிட்டால் கிள்ளுக்கீரை. கையில் கத்தரி இருந்தால் போதாது, வெட்டிய துண்டுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு முழுமை இருக்கவேண்டும் என்று அந்தக் குடும்பங்கள் கற்றுக்கொண்டன.

இன்று காகிதப் பத்திரங்கள் ஏறக்குறைய இல்லை. பெயரில்லாத பத்திரங்களை அமெரிக்கா 1982இல் ஒரு வரிச்சட்டத்தின் மூலம் முடக்கியது. வட்டியோ வெறும் கணக்கேட்டுப் பதிவாகிவிட்டது. இருந்தும் அந்த விகிதத்துக்குக் 'கூப்பன்' என்றே பெயர். வட்டி தராத பத்திரம் 'பூஜ்யக் கூப்பன்' பத்திரம். வெட்டும் செயல் மறைந்தபின் வெட்டு என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

3

இந்தத் துண்டைக் கையில் எடுத்து, அதன் எடை என்ன என்று நிறுத்துப் பார்த்தவர் டால்ஸ்டாய். அவர் மறைந்தபின் 1911இல் வெளியான குறுநாவல் ஒன்றின் பெயரே போலிக் கூப்பன் என்பது. அன்றைய ரஷ்யாவில் அரசுக் கடன்பத்திரங்களின் வட்டிக் கூப்பன்கள் சில்லறை நோட்டுபோலக் கைமாறிக்கொண்டிருந்தன. பள்ளி மாணவன் ஒருவனுக்கு அப்பா கொடுத்த மாதப்பணத்தில் இரண்டரை ரூபிள் கூப்பன் ஒன்று. கடனை அடைக்க அது போதவில்லை. சிநேகிதன் யோசனைப்படி இரண்டுக்கு முன்னால் ஒரு கோடு இழுக்க, கூப்பன் பன்னிரண்டரை ஆகிவிடுகிறது.

ஒரு கோடு. அது போட்டோ சாமான் கடைக்குப் போகிறது. ஏமாந்த கடைக்காரன் விறகு விற்க வந்த குடியானவனிடம் அதைத் தள்ளிவிடுகிறான். குடியானவன் பிடிபடுகிறான், கடையின் காவலாள் காசு வாங்கிக்கொண்டு பொய்ச்சத்தியம் செய்கிறான். அநியாயம் பட்ட குடியானவன் குதிரைத் திருடனாகிறான். குதிரையை இழந்த ஒருவன் கொலைகாரனாகிறான். துண்டு கைமாறிக் கைமாறி, எழுதிய கோட்டுக்கும் விழுந்த பிணத்துக்கும் சம்பந்தமே கண்ணுக்குத் தெரியாத தூரம் வந்துவிடுகிறது. வேர்ச்சொல்லின் ஆராய்ச்சியில் டால்ஸ்டாய்க்கு அக்கறை இருந்ததாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆனாலும் காகிதத்துக்குள் மடங்கிக்கிடந்த அந்த ஆதி அறை, கதையில் ஆள் மாற்றி ஆள் மேல் விழுந்துகொண்டே போகிறது. அடி வாங்கியவன் அடி கொடுத்தவனைத் திருப்பி அடிப்பதில்லை. அடுத்து நிற்பவனை அடிக்கிறான்.

குறுநாவலின் பின்பாதியில் டால்ஸ்டாய் இதே சங்கிலியை எதிர்த்திசையில் ஓட்டுகிறார். கொலையுண்ட ஒருத்தியின் சாந்தம் கொலைகாரனை மாற்ற, அங்கிருந்து நல்லது கைமாறத் தொடங்குகிறது. ராபர்ட் ப்ரெஸ்ஸன் தன் கடைசிப் படத்துக்கு (1983) இந்தக் கதையை எடுத்தபோது முன்பாதியை மட்டுமே வைத்துக்கொண்டார். கூப்பனின் இடத்தில் 500 ஃப்ராங்க் கள்ளநோட்டு. மீட்சி காட்டப்படுவதில்லை. கடைசியில் குற்றவாளியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனபின்னும், வாசலில் கூடியவர்கள் அவன் போன திசையைப் பார்க்காமல், காலியான உள்ளறையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். டால்ஸ்டாய்க்குத் துண்டின் பின்னால் ஒரு முழுமை இருந்தது. கடவுள் என்று அவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். ப்ரெஸ்ஸன் காலி அறையைக் காட்டுகிறார். எழுபது வருஷ இடைவெளியில் ஐரோப்பிய மனம் எதை இழந்தது என்பதற்கு இந்த இரண்டு முடிவுகளைவிடச் சுருக்கமான சாட்சியம் இருக்கமுடியாது.

கூப்பன் பணமாகப் புழங்குவது கதையோடு முடிந்துவிடவும் இல்லை. சோவியத் யூனியன் கலைந்துகொண்டிருந்த 1990 இறுதியில் உக்ரைனில் சம்பளத்தோடு கூப்பன் தாள்கள் கொடுத்தார்கள். கடையில் பணத்தோடு துண்டையும் வெட்டிக் கொடுத்தால்தான் சாமான். 1992 ஜனவரியில் கூப்பன் என்ற பெயரிலேயே தனி நோட்டு வந்தது. பணவீக்கம் அதைத் தின்றது. 1996 செப்டம்பரில் புது நாணயம் வந்தபோது ஒரு லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பழையதை மாற்றிக்கொண்டார்கள். டால்ஸ்டாயின் மாணவன் ஒரு கோடுதான் போட்டான். இங்கே அரசாங்கம் ஐந்து பூஜ்யங்களை அழித்தது.

4

இனி மற்றொரு கூப்பன். முதல் உலக யுத்தத்தின் கடைசி வருஷத்தில் பிரிட்டனில் இறைச்சி, சர்க்கரை, வெண்ணெய்க்கு ரேஷன் வந்தது. அந்தச் சொல் எவ்வளவு சீக்கிரம் கசந்தது என்பதற்கு 1918 டிசம்பர் 14 பொதுத்தேர்தல் சாட்சி. லாயிட் ஜார்ஜும் போனர் லாவும் கையெழுத்திட்டுத் தங்கள் வேட்பாளர்களுக்குக் கொடுத்த ஆதரவுக் கடிதத்தை, எதிர்த்து நின்ற ஆஸ்க்வித் 'கூப்பன்' என்று கேலி செய்தார். ரேஷன் அரிசிபோல அளந்து கொடுக்கப்பட்ட பதவி என்பது அதன் குத்தல். கேலி ஜெயித்தது, கேலி செய்தவர் தன் தொகுதியிலேயே தோற்றுப்போனார். அந்தத் தேர்தலுக்குக் 'கூப்பன் தேர்தல்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இரண்டாம் யுத்தத்தில் உணவு ரேஷன் 1940 ஜனவரியில் தொடங்கி 1954 ஜூலை வரை நீடித்தது. 1941 ஜூன் 1ஆம் தேதி துணிக்கும் கட்டுப்பாடு. ரகசியம் வெளியே தெரிந்தால் ஜனங்கள் கடைகளைக் காலிசெய்துவிடுவார்கள் என்று முன்னறிவிப்பே இல்லை. தனிப் புத்தகம் அச்சிட அவகாசமும் இல்லை. உணவுப் புத்தகத்தில் மிஞ்சியிருந்த மார்ஜரின் கூப்பன்களே துணிக் கூப்பன்கள் என்று வானொலியில் சொன்னார்கள். ஆளுக்கு வருஷத்துக்கு 66. கம்பளி கவுனுக்கு 11, ஆண்கள் ஷூவுக்கு 7. துணித்துண்டின் பெயராகக் கிளம்பிய சொல் எங்கெங்கோ சுற்றிவிட்டுத் துணிக்கடைக்கே திரும்பிவிட்டது. ஆனால் முதலில் துணி வெட்டி மிஞ்சியதற்கு அது பெயராக இருந்தது, இப்போது துணி வெட்டுவதற்கு முன் அனுமதிக்குப் பெயராகிவிட்டது.

இங்கே ஒரு சிறிய விதியைக் கவனிக்கவேண்டும். ரேஷன் புத்தகத்திலிருந்து கூப்பனை உடையவர் வெட்டக்கூடாது. கடைக்காரர்தான் வெட்டவேண்டும். உதிரியாக வெட்டி எடுத்துவந்த துண்டு செல்லாது. இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. 1947இல் இளவரசி எலிசபெத்தின் கல்யாண உடுப்புக்கென்று சாதாரணப் பெண்கள் தங்கள் கூப்பன்களைத் தபாலில் அனுப்பியபோது, அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இளவரசிக்கு அரசே தனியாகக் கூப்பன் ஒதுக்கியது.

இரண்டு கூப்பன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் துலங்கும். கடன்பத்திரக் கூப்பனில் பெயர் இல்லை, கொண்டுவந்தவனே உடையவன், கத்தரி அவன் கையில். ரேஷன் கூப்பனில் பெயர், விலாசம், எண் எல்லாம் உண்டு. கத்தரி எதிரே நிற்பவன் கையில். முன்னதில் துண்டு கைக்கு வருகிறது, பின்னதில் துண்டு கையைவிட்டுப் போகிறது. உரிமை, உடைமை, பிரஜை என்ற பெரிய சொற்களை வைத்துக்கொண்டு செய்யும் விவாதங்கள் மறைத்துவிடுகிற வித்தியாசத்தை இந்தச் சின்னச்சொல் ஒளிக்காமல் வைத்திருக்கிறது. ரேஷன் நியாயமானது, யுத்தகால பிரிட்டனில் ஏழைகளின் சாப்பாடு அதனால் சீர்பட்டது என்பது உண்மை. அந்த நியாயமும் கத்தரியை ஏழையின் கையில் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

5

தமிழில் இந்தச் சொல்லுக்கு அதிக ஆயுள் கிடைத்தது இலங்கையில். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது அங்கே ரேஷன் வந்தது. யுத்தம் முடிந்தும் போகவில்லை. கூப்பன் என்றாலே ரேஷன் புத்தகம், கூப்பன் அரிசி என்றாலே பங்கீட்டு அரிசி என்று இலங்கைத் தமிழில் பொருள் நிலைத்துவிட்டது. 1953இல் அரசு பங்கீட்டு அரிசியின் விலையைப் படிக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12ஆம் தேதி தீவு முழுக்க ஹர்த்தால். துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அதன்பிறகு பல வருஷங்கள் அங்கே தேர்தல்களின் பேச்சே படி அரிசிதான். 1979இல் ரேஷனுக்குப் பதில் உணவு முத்திரைகள் வந்தன. கத்தரியைத் தன்னிடம் வைத்திருந்த அரசை, துண்டு வைத்திருந்தவர்கள் அசைத்துப்பார்த்த சந்தர்ப்பம் 1953.

கூப்பனுக்கு நல்ல தமிழ்ச்சொல் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சொல் தேவையில்லை, படிமம் ஏற்கனவே நம்மிடம் இருக்கிறது. 'துணி' என்றால் வெட்டுண்டது. 'துண்டு' என்று தோளில் போட்டுக்கொள்வதும் அதுவே. பழந்தமிழில் துணிக்கு 'அறுவை' என்று பெயர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று சங்கப் புலவர் ஒருவரே இருந்திருக்கிறார், கட்பீஸ் வியாபாரி என்று அவரைச் சொன்னால் பண்டிதர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். கடன்பத்திரத்துக்கு நம் பழைய சொல் 'முறி'. முறித்த ஓலைத்துண்டு. இலங்கையில் இன்றும் திறைசேரி முறி என்றுதான் அரசுக் கடன்பத்திரத்தைச் சொல்கிறார்கள். ரசீதுப் புத்தகத்தில் கிழித்தது போக மிஞ்சுவதற்கு 'அடிக்கட்டை' என்கிறோம். வெட்டிய மரத்தின் மிச்சம். ஃப்ரெஞ்சில் கூப்பனின் வினையிலிருந்தே, அடியோடு வெட்டி மீண்டும் தழைக்கவிடும் சிறுகாட்டின் பெயரும் பிறந்திருக்கிறது. ஒருவரிடமிருந்து மற்றவர் கடன் வாங்கிய படிமம் இல்லை இது. வாக்குறுதியை ஸ்தூலமாக்க மனிதனுக்கு ஒன்றை இரண்டாக உடைத்து, பாதியை எதிராளி கையில் கொடுக்கத் தோன்றியிருக்கிறது. இங்கேயும் அங்கேயும்.

உடைத்ததைப் பொருத்திப் பார்க்க வழி இருக்கும்வரை அது வாக்குறுதி. வழி இல்லாமல் போனால் வெறும் உடைப்பு.

6

தபால் உலகத்திலிருந்து இரண்டு கூப்பன்களைச் சொல்லி முடிக்கலாம்.

ஒன்று, பதில் கூப்பன். 1906இல் ரோம் நகரில் கூடிய சர்வதேசத் தபால் மாநாடு ஏற்படுத்தியது. ஒரு நாட்டில் வாங்கிக் கடிதத்தோடு அனுப்பினால், பெற்றவர் தம் நாட்டுத் தபால்தலையாக அதை மாற்றிக்கொண்டு பதில் போடலாம். வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குக் கையெழுத்துப் பிரதி அனுப்பும் எழுத்தாளர்களுக்கு உபயோகப்பட்ட நல்ல ஏற்பாடு. இதை வைத்துத்தான் 1920இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்ஸி தன் மோசடியைக் கட்டினார். நாணயம் சரிந்த நாடுகளில் கூப்பனை மலிவாக வாங்கி அமெரிக்காவில் மாற்றி லாபம். 45 நாளில் 50 சதவீதம் என்று வாக்கு. அவர் சொன்ன வியாபாரத்துக்கு 16 கோடி கூப்பன்கள் வேண்டும், உலகில் புழங்குபவையோ சுமார் 27,000 என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். முழுமையே இல்லாமல் துண்டுகளை மட்டும் விற்றுக்கொண்டிருந்த மனிதர்.

மற்றொன்று, மணியார்டர் கூப்பன். இந்தியத் தபால் இலாகா 1880இல் தொடங்கிய மணியார்டரில், பாரத்தின் அடியில் அனுப்புபவர் நாலு வரி எழுத ஒரு துண்டு இடம். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அந்தத் துண்டைக் கிழித்துப் பணம் பெற்றவரிடம் கொடுத்துவிடுவார். பழைய காகித மணியார்டர் 2015இல் நின்று, மின்வழி மணியார்டருக்கு இடம் விட்டது.

மேலே பார்த்த எல்லாக் கூப்பன்களும் கொடுத்தால் தீர்ந்துபோகிறவை. வட்டி வந்ததும் துண்டு வங்கியுடையது. அரிசி வந்ததும் துண்டு கடைக்காரனுடையது. மணியார்டர் கூப்பனைக் கொடுத்து எதையும் வாங்கமுடியாது. பணம் செலவழிந்தபின் மிஞ்சுவது அதுதான். பம்பாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியும் அடுத்த மாதம் சேர்த்து அனுப்புவதாகவும் எழுதியது அந்த இடத்தில்தான். இடமில்லாததால் வாக்கியங்கள் தாமாகவே சுருங்கின. சிறுபத்திரிகைகளுக்குச் சந்தா வந்ததும் அப்படியே. சந்தாத் தொகையைவிட, கூப்பனில் சென்ற இதழைப் பற்றி எழுதியிருந்த ஒரு வரி, அடுத்த இதழைக் கொண்டுவரப் போதுமானதாக இருந்திருக்கிறது.

வெட்டியவர் தபால்காரர், வைத்துக்கொண்டவர் வாங்கியவர், எழுதியவர் எங்கோ தூரத்தில். கத்தரி யார் கையில் என்ற கேள்வி இந்த ஒரு கூப்பனிடம் எழவில்லை. விலை இல்லாததால் எழவில்லை.